எலுமிச்சம்புல் எண்ணெயும் இரண்டு ஓரகத்திகளும்

வீட்டின் மூத்த மருமகளை எல்லாரும் பெரியவள் என்றுதான் சொல்வார்கள். மசாஜ் நிலையத்தில் பதினோரு வருடங்களாக அவள் கைக்குத்தான் கிராக்கி. ஓய்வுபெற்ற தலைமையாசிரியை ஒருவர், அவள் விடுப்பு என்று தெரிந்தால் படியேறாமலே திரும்பிவிடுவார். கொழுந்தன் மனைவியான சின்னவளை அங்கே வேலைக்குச் சேர்த்துவிட்டதும் அவள்தான்.

பிறகு விரலிடுக்கில் அரிப்பு வந்தது, தோல் வெடித்தது. சோப்பை மாற்றியும் தீரவில்லை. எந்தப் பொருள் ஆகவில்லை என்று பார்க்க, தோல் மருத்துவர் அவள் முதுகில் வரிசையாகச் சிறு பட்டைகளை ஒட்டி, இரண்டு நாள் கழித்துப் பிரித்தார். ஒரு கட்டம் மட்டும் சிவந்து தடித்திருந்தது.

"எலுமிச்சம்புல் எண்ணெய்தான் உங்களுக்கு ஒத்துக்கல. மருந்து போட்டா ஆறும். மறுபடி தொட்டா மறுபடி வரும்."

நிலையத்துக்குப் பேரே அந்த வாசத்தால்தான். முதலாளியம்மா அவளைத் துண்டு மடிக்க அனுப்பிவிட்டு, அவள் அறையைச் சின்னவளுக்குக் கொடுத்தார்.

ஒருநாள் தலைமையாசிரியை எட்டிப் பார்த்து, "உன் ஓரகத்திக்குக் கை பஞ்சு மாதிரிம்மா" என்றார். பெரியவளுக்கு வயிறு எரிந்தது. அன்றிலிருந்து வீட்டில் சின்னவள் எதற்குச் சிரித்தாலும் தன்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறாள் என்று தோன்றியது. சமையலறையில் பேச்சு வெறும் 'உம்' ஆகிப்போனது.

சின்னவள் காய்ச்சலில் படுத்த அன்று, பெரியவள் வெறுங்கையில் அதே எண்ணெயை ஊற்றித் தலைமையாசிரியையின் தோளைப் பிடித்துவிட்டாள். 'உன் கை உன் கைதான்' என்று ஒரு வார்த்தை கேட்க ஆசை. அவரோ பாதியிலேயே தூங்கிவிட்டார்.

மறுநாள் விரல்கள் வீங்கி, சீப்பைப் பிடிக்க முடியவில்லை. காய்ச்சல் விட்டிருந்த சின்னவள்தான் தலை வாரிவிட்டாள்.

"தெரிஞ்சேதான் தொட்டீங்களா அக்கா?"

"ஆமா. உன்னையே புகழ்ந்தாங்க. பொறுக்கல."

சீப்பு நின்றது. "என்கிட்ட உங்களைத்தான் புகழ்வாங்க. உங்க அளவுக்கு வராதுன்னு. எனக்கும் எரியும்." மறுபடி வாரத் தொடங்கியவள், "அந்தத் துண்டை எவ்வளவு துவைச்சாலும் வாசம் போகல. அதையே மடிச்சுட்டிருந்தா கை எப்படி ஆறும்?" என்றாள்.

யாருமே யோசிக்காத விஷயம். அதையும் இவள்தான் கண்டுபிடிக்க வேண்டுமா என்றிருந்தது பெரியவளுக்கு.

கை ஆற ஆறு வாரம் ஆனது. பிறகு முதலாளியம்மாவிடம் பேசிக் கடைக்கோடி அறையையும், புதுத் துண்டுகளையும், வாசனை கலக்காத எண்ணெயையும் தனக்கென்று வாங்கிக்கொண்டாள். வாசனை ஆகாதவர்கள் தேடி வந்தார்கள். வாரத்துக்கு ஏழெட்டுப் பேர். தலைமையாசிரியை வரவில்லை, அவருக்கு அந்த வாசம் வேண்டும். பக்கத்தில் சின்னவளின் அறையில் அவர் குரல் கேட்கும் நாட்களில், பெரியவள் தன் கதவைக் கொஞ்சம் அழுத்தியே சாத்துவாள்.