அபிராமபுரத்தில் காக்கை எண்ணிய கதை

ஆறு மாத டேட்டாவை ஒரே காலையில் குப்பையில் போட்டவள் நான். பறவை ஆய்வு உதவியாளராகப் புதிதாகச் சேருகிறவர்கள் சிரித்துவிட்டுப் போகாமல் இதைக் கொஞ்சம் படியுங்கள்.

எங்கள் வேலைக்குப் பெயர் பாயிண்ட் கவுன்ட். ஊரில் பன்னிரண்டு இடங்களைக் குறித்துக்கொண்டு, ஒவ்வொன்றிலும் வாரம் ஒரு காலை பத்து நிமிடம் அசையாமல் நின்று, கண்ணில் பட்ட, காதில் விழுந்த பறவைகளை எல்லாம் எழுத வேண்டும். கேட்கச் சுலபம். பைனாகுலரோடு தெருவில் நிற்கும் பெண்ணைப் பத்து நிமிடம் சும்மா விடுகிற ஊரா இது? ஒருவர் யார் வீட்டை எட்டிப் பார்க்கிறாய் என்பார். இன்னொருவர் கார்ப்பரேஷனிலிருந்து வந்தவள் என்று நினைத்து, மரக்கிளையை வெட்டச் சொல்லுவார். எல்லோருக்கும் பதில் சொல்லியே என் தொண்டை வற்றிப்போகும்.

அபிராமபுரத்தில் என் ஐந்தாவது பாயிண்ட். மீன் கடை இல்லை, குப்பைத்தொட்டி இல்லை, அமைதியான தெரு. முதல் வாரம் இரண்டே காக்கை. போகப் போக இருபது, முப்பது. எங்கள் விஞ்ஞானி மேடத்துக்குத் தலைகால் புரியவில்லை. தெருவில் இருந்த பெரிய தூங்குமூஞ்சி மரங்கள்தான் காரணம் என்று கட்டுரையே எழுத ஆரம்பித்துவிட்டார். கருத்தரங்குக்குச் சுருக்கமும் போய்விட்டது. அதில் என் பெயரும் இருந்தது. அம்மாவிடம்கூடச் சொல்லிவிட்டேன்.

ஒரு புதன்கிழமை, பக்கத்து அப்பார்ட்மென்ட் வாட்ச்மேன் துடைப்பத்தோடு என் மேல் பாய்ந்தார்.

"இன்னாம்மா, நீ வர்ற அன்னிக்கு மட்டும் இந்த ரோதன! கார் பூரா அசிங்கம் பண்ணி வச்சிக்கீது. மத்த நாள்ல ஒரு காக்கா வருதா இங்க?"

"ஏன் அண்ணா?" என்றேன். அவர் எதிர்வீட்டு மொட்டைமாடியைக் கை காட்டினார்.

அங்கே ஆடிட்டர் மாமா நின்றுகொண்டிருந்தார். முதல் வாரம் என்னிடம் பேச்சுக் கொடுத்தவர்தான். அன்று "ரெண்டே காக்காதான் மாமா" என்று முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு சொன்னேன். என் வாய் சும்மா இருந்திருக்கலாம்.

படியேறிப் போய்க் கேட்டேன். மாமாவுக்கு ஒரே பெருமை.

"இவ்வளவு தூரம் சிரமப்பட்டு வரேள், வெறுமனே திரும்பினா நன்னாவா இருக்கும்? மத்த நாள் பத்து மணிக்கு ஒரு பிடிதான் வைப்பேன். புதன்கிழமைன்னா ஆத்துல உங்களுக்குன்னே ரெண்டு ஆழாக்கு சேர்த்து வைக்கறா. உங்க தலை தெரியற வரைக்கும் சாதத்த வச்சுண்டு காத்துண்டிருப்பேன். இன்னிக்கு எத்தனை வந்தது?"

திட்ட வாய் வரவில்லை. அழுகைதான் வந்தது. "முப்பத்தொண்ணு மாமா" என்று சொல்லிவிட்டு இறங்கினேன்.

மேடத்திடம் போய், "அஞ்சாவது பாயிண்ட எடுத்துடலாம் மேடம்" என்று நடந்ததைச் சொன்னேன். அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை.

"மத்த பதினோரு இடத்துல நீ யார்கிட்டயும் பேசலையா?"

சாந்தோமில் மீன் வெட்டும் அக்கா வாராவாரம் "உன் பருந்து வந்துச்சா?" என்று கேட்டபடி குடலை அள்ளி வீசுவது அப்போதுதான் உறைத்தது. அடையாறு டீக்கடையில் மாஸ்டர் உதிர்த்துப் போடும் பன்னும் மைனாக்களும் ஞாபகத்துக்கு வந்தன. ஒவ்வொரு இடத்திலும் என்ன எண்ணுகிறேன், எத்தனை வந்தது என்று உளறியிருக்கிறேன். யார் எங்கே எவ்வளவு போட்டார்கள் என்று இனி எப்படிக் கண்டுபிடிப்பது?

சுருக்கத்தைத் திரும்பப் பெற்றோம். பன்னிரண்டு இடங்களையும் மாற்றி, முதல் வாரத்திலிருந்து மறுபடி எண்ணினேன்.

அதனால் சொல்கிறேன். பாயிண்டில் போய் நின்றதும் பைனாகுலரைத் தூக்காதீர்கள். உங்களை யார் பார்க்கிறார்கள் என்று முதலில் பாருங்கள். இரண்டே காக்கை வந்தாலும் முகத்தைத் தொங்கப் போடாதீர்கள். இந்த ஊர்க்காரர்களால் அதைத் தாங்க முடியாது.