செயலாளர் அண்ணையின் குரல்பதிவு

இன்று காலை எங்கள் வில்லரேப் பகுதியில் வீதியைக் கடந்துகொண்டிருந்தேன். நடப்பவர்களுக்கான வெள்ளை விளக்குத்தான் எரிந்தது. சந்தியில் திரும்பிய கார் ஒன்று கிறீச்சிட்டு என் முழங்காலுக்கு ஒரு சாண் தள்ளி நின்றது.

ஓட்டி வந்தவர் எங்கள் ஊர்ச்சங்கச் செயலாளர் அண்ணை. கண்ணாடியை இறக்கினார்.

"என்ன தங்கச்சி, போனைப் பாத்துக்கொண்டே றோட்டுக் கடக்கிறீர்?"

"என்ர போன் பைக்குள்ள கிடக்குது அண்ணை. உங்கட கையில இருக்கிறது என்ன?"

"எனக்கு வேலைக்குப் பிந்துது. பேந்து கதைப்பம்" என்று போய்விட்டார்.

மெட்ரோவில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் போனை எடுத்தேன். சங்கத்து வட்ஸ்அப் குழுவில் அவருடைய குரல்பதிவு வந்திருந்தது. எங்கேயோ ஒரு நகரத்தில் போன் பார்த்தபடி வீதி கடந்தால் தண்டமாம். நேற்று யாரோ போட்ட அந்தச் செய்திக்கு இது பதில்.

"நல்ல சட்டம். இஞ்சையும் கொண்டு வரோணும். இந்தச் சனத்துக்கு உயிர்ப்பயமே இல்லை. றோட்டில நடந்தாலும் கண் போனிலதான்..."

அவர் பேசப் பேசப் பின்னால் கார் சிக்னல் டிக் டிக் என்று அடிக்கிறது. பிறகு பிரேக் கிறீச்சிடுகிறது. ஒரு பெண் "ஐயோ!" என்று கத்துகிறாள். அதோடு பதிவு முடிகிறது. அவர் பதறியதில் பதிவுப் பொத்தானிலிருந்து விரல் விலகி, அது தானாகவே குழுவுக்குப் போயிருக்கிறது.

கீழே பதினேழு கட்டைவிரல்கள். "சரியாச் சொன்னீங்கள் அண்ணை" என்று என் சொந்த மச்சாளே எழுதியிருக்கிறாள்.

சட்டம் வரட்டும், அதைக் கேட்டு மனுப் போட்டால் நானும் கையெழுத்து வைக்கிறேன். அதற்கு முன் பதினேழு பேரும் அந்தப் பதிவை ஒருமுறை கடைசிவரை கேட்டுவிட்டுச் சொல்லுங்கள்: அந்த "ஐயோ" யாருடைய குரல்?