வயிறில்லாதவன் உட்கார்ந்த பந்தி

புற்றுநோய் என்று என் இரைப்பையை முழுதாக எடுத்துவிட்டு, உணவுக்குழாயைச் சிறுகுடலோடு நேராக இணைத்து அனுப்பினார்கள். கொஞ்சம் கொஞ்சமாக, நன்றாக மென்று சாப்பிட வேண்டும். இனிப்பு சட்டென்று குடலில் இறங்கினால் வியர்த்துப் படபடக்கும், அந்தப் பக்கமே போகக் கூடாது என்றார் டாக்டர்.

ஆஸ்டின் டவுனில் எங்கள் கீழ்வீட்டு அம்மாள் பார்க்க வந்தார். வெகுநேரம் என் சட்டைப் பொத்தானையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தப்பா நெனைக்காதீங்க. அப்ப சாப்பிடுறதெல்லாம் எங்க போகுது?"

"நேரா குடலுக்குத்தாங்க."

"நடுவுல ஸ்டாப்பே இல்லையா?"

உடம்பு தேறியபின் என் மனைவியின் அண்ணன் மகளுக்குக் கல்யாணம். ரிசப்ஷன் லிங்கராஜபுரத்தில். மனைவி கைப்பையில் எனக்கென்று இட்லி கொண்டுவந்திருந்தாள். ஆனாலும் மாப்பிள்ளை வீட்டார் கையைப் பிடித்து இழுத்ததால் பந்தியில் உட்கார வேண்டியதாயிற்று. பரிமாறுகிறவர், இந்த ஊரில் ஒப்பட்டு என்று சொல்கிற போளித் தட்டோடு வந்தார்.

"வேண்டாம்ப்பா, எனக்கு வயிறே இல்ல."

"எல்லாரும் இதேதான் சார் சொல்றாங்க. ஸ்வல்ப சாப்பிடுங்க" என்று ஒன்றை வைத்து, மேலே நெய்யும் ஊற்றினார்.

மனைவி யாருடனோ பேசிக்கொண்டிருந்தாள். ஒப்பட்டு பளபளத்தது. தின்றுவிட்டேன்.

சற்று நேரத்தில் வியர்த்துக் கொட்டியது. நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. தடுமாறி எழுந்து, திறந்திருந்த ஓர் அறைக்குள் போய்க் கட்டிலில் சாய்ந்தேன். அது மாப்பிள்ளை அறை. கோட்டைத் தளர்த்திக்கொள்ள மேடையிலிருந்து வந்த மாப்பிள்ளை என்னைப் பார்த்துத் திடுக்கிட்டார்.

"என்ன ஆச்சு மாமா?"

"ஒண்ணுமில்ல. ஒப்பட்டு சாப்பிட்டேன்."

பாதிப் பேச்சிலேயே அவர் வெளியே ஓடிவிட்டார். "அப்பா, ஒப்பட்டு கெட்டுப்போச்சு! நிறுத்தச் சொல்லுங்க!"

பந்தி நின்றது. எதற்கென்று தெரியாமலே நாலைந்து பேர் கை கழுவப் போனார்கள். சமையல் கான்ட்ராக்டர் தட்டோடு அறைக்குள் பாய்ந்து, என் கண்ணெதிரிலேயே இரண்டை விழுங்கிக் காட்டினார். பின்னாலேயே மாப்பிள்ளையின் அப்பாவான சம்பந்தி, முகமெல்லாம் வெளிறி. அவர்களை விலக்கிக்கொண்டு என் மனைவி வந்தாள். என் வாயோரம் ஒட்டியிருந்த நெய்யே அவளுக்குப் போதுமானதாக இருந்தது.

"ஒப்பட்டு நல்லாத்தாங்க இருக்கு. இவருக்குத்தான் இரைப்பை இல்ல. ஆபரேஷன்ல எடுத்துட்டாங்க."

சம்பந்தி நெஞ்சில் கைவைத்துக் கட்டிலோரம் உட்கார்ந்தார்.

"அப்பாடா! அவ்வளவுதானே?"

என் நோயைக் கேட்டு அந்த அளவுக்குச் சந்தோஷப்பட்டவர் இன்றுவரை அவர் ஒருவர்தான்.