உதயநகர் படத்தில் ஏறிய காலை

"ஏளா, ஒன் ஊரே மேப்புல இல்ல. நீ மேப்பு படிச்சு என்னத்தக் கிழிக்கப் போற?" என்று டீக்கடை ராசு மாமா சிரித்தபோது நான் எட்டாம் வகுப்பு, பள்ளியில் தந்த மாவட்டப் படத்தைச் சுருட்டிக் கையில் வைத்திருந்தேன். அவர் சொன்னது பொய்யில்லை. மல்லாங்கிணறு இருந்தது, காரியாபட்டி இருந்தது. ஓடைக்கு அந்தப் பக்கம், பண்ணை வேலையை விட்டுப் பட்டாசு வேலைக்குப் போன எங்கள் குடும்பங்கள் வீடு கட்டிய இடம் வெறும் தாளாக இருந்தது. நாங்கள் "உதயநகர்" என்று பெயர் வைத்துப் பலகையும் நட்டிருந்தோம். ஊர்க்காரர்களுக்கு அது "ஓடப்பக்கம்"தான்.

அந்த ஆண்டு பட்டாசு சீசனில் ஒரு காலை, நாட்டுக்கே வரைபடம் போடும் துறையின் ஜீப் டீக்கடை முன் நின்றது. படை நடத்தவும் வரி வாங்கவும் வெள்ளைக்காரர்கள் தொடங்கிய துறை அது என்பதும், கனத்த கருவிகளை மலைமேலும் கோயில் கோபுரத்திலும் ஏற்றி முக்கோணம் முக்கோணமாக நாட்டை அளந்தார்கள் என்பதும் பிறகு நான் படித்தவை. ஆனால் படத்தில் ஏறும் பெயரே நிலைத்துவிடும் என்று அன்றே புரிந்தது. ஓடைக்கு அந்தப் பக்கத்துக்கு என்ன பெயர் என்று அதிகாரி கேட்டார், மாமா சொன்னார்: "ஓடப்பக்கம்னு போட்டுக்கிடுங்க சார்."

பட்டாசுக் கம்பெனி வேனுக்குக் காத்திருந்த அம்மா, கழுவினாலும் போகாத வெள்ளிப்பொடிக் கையை நீட்டினாள். "அது பேரில்ல சார். எங்க ஊரு உதயநகரு."

"அடேயப்பா, அம்புட்டுப் பெரிய பேரா!" என்றார் மாமா.

"வேற யாராவது இப்படிச் சொல்றாங்களா?" என்றார் அதிகாரி. அதற்குள் வேன் வந்துவிட்டது. அம்மா ஏறவில்லை. படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு உள்ளே இருந்த எங்கள் ஊர்ப் பெண்களைப் பார்த்துக் கத்தினாள்: "ஏட்டி, நம்ம ஊரு பேரச் சொல்லுங்கட்டி! இல்லாட்டி காலத்துக்கும் ஓடையிலதான் கெடக்கணும்."

டிரைவர் ஹாரனை அமுக்கிக்கொண்டே இருந்தார். அதையும் மீறி வேன் முழுக்க ஒரே குரல்: "உதயநகரு!"

அதிகாரி சிரித்தபடி எழுதிக்கொண்டார்.

சில ஆண்டுகள் கழித்து அச்சான படத்தில், ஓடையின் நீலக் கோட்டருகே, எறும்பு எழுத்தில் எங்கள் பெயர் இருந்தது. இன்று அந்த டீக்கடை இல்லை, சாலையை அகலப்படுத்தியபோது போய்விட்டது. "ஓடப்பக்கம்" என்று சொல்லவும் ஆளில்லை.

எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பள்ளி முடித்தவள் நான். இப்போது அதே துறையில் சேர்ந்திருக்கிறேன். போன வாரம், முதல் களப்பணியில், வேறொரு மாவட்டத்து ஊர் முகப்பில் டீக்கடைக்காரர் தானே பெயர்களைச் சொல்ல வந்தார். கேட்டுக்கொண்டேன். பிறகு வண்டியை விட்டு இறங்கி, கடைசி வீடு வரை நடந்துபோய்க் கதவைத் தட்டினேன்.

"நீங்க இந்த இடத்த என்ன பேர் சொல்லிக் கூப்பிடுவீக?"