நகரசபைத் தரையிலிருந்த கேடயம்

போன வாரம் மகள் வீட்டுக்குப் புதிய குப்பைத்தொட்டி வந்தது. மூடியில் நகரசபையின் புதிய சின்னம்: ஒரு பச்சை வளைவு, அதன் கீழே ஒரு நீல வளைவு. இலையா, அலையா என்று கேட்டேன். "ஜஸ்ட் எ லோகோ, அப்பா" என்றாள்.

தொட்டியில் புதுப் பிளாஸ்டிக் வாடை. என் மூக்குக்கு வந்ததோ தரை மெழுகின் மணம். மூக்கு எப்போதும் தன் வழியில்தான் போகும்.

எழுபதுகளின் நடுப்பகுதி. மெல்பேர்ணில் ஒரு சிறிய வாரப் பத்திரிகை என்னை மூன்று மாதம் சோதித்துப் பார்ப்பதாகச் சேர்த்திருந்தது. கொழும்பில் நாடாளுமன்றச் செய்தி எழுதியவன், இங்கே நாய் அனுமதிப்பத்திரமும் வடிகாலும் எழுதினேன். பிழையில்லை, வடிகாலும் அரசியல்தான்.

நகர மண்டப வாசலைத் தாண்டியதும், மெழுகிட்ட தரையின் நடுவே சபையின் சின்னம் வண்ணக் கற்களால் பதிக்கப்பட்டிருந்தது. ஆறடி அகலம். கேடயத்தில் நான்கு கட்டங்கள்: கோதுமைக் கதிர்க்கட்டு, செங்கற்சூளையின் புகைபோக்கி, ஆற்றுக்கு மூன்று நெளிகோடுகள், விரித்த புத்தகம். விதைத்தது, சுட்டது, குடித்தது, பிள்ளைகளுக்குக் கொடுத்தது என்று சுவரில் ஒரு பலகை விளக்கம் சொல்லிற்று. அதைவிடச் சுருக்கமான ஊர் வரலாற்றை நான் வாசித்ததில்லை.

எல்லோரும் அதன் மேல் நடந்து போனார்கள். எனக்குக் கால் வரவில்லை. நெல்லோ கோதுமையோ, தானியத்தை மிதிப்பதா? புத்தகத்தை மிதிப்பதா? சுவரோரமாகச் சுற்றிப் போனேன். பக்தி என்று எண்ணிவிடாதீர்கள். கோயில் வாசலை மிதித்து வருடங்களாகியிருந்தன. மத்தியானச் சாப்பாடு, மாட்டிறைச்சி வைத்துச் சுட்ட 'பை' என்ற பணியாரமும் பியரும். ஆனாலும் கால் அதன் பாட்டில் ஒதுங்கிற்று.

ஐந்தாவது சபைக் கூட்டத்துக்குப் பிறகு பத்திரிகை ஆசிரியர் அழைத்தார். சபையின் செயலாளர் தொலைபேசியில் முறையிட்டிருந்தார்: உங்கள் புதிய ஆள் எங்கள் சின்னத்தை அசிங்கத்தைக் கண்டதுபோல விலத்திப் போகிறான், இனி அனுப்பவேண்டாம். சபைச் செய்தி எழுதாத நிருபருக்கு எங்கள் பத்திரிகையில் வேறு வேலை இல்லை. ஆசிரியர் குரலை உயர்த்தவில்லை. ஏன் என்று மட்டும் கேட்டார். எனக்கு வெட்கம். நாளைக்குச் சொல்கிறேன் என்றேன்.

பின்னேரம் குசினியில் சமைத்துக்கொண்டு நின்ற மனைவியிடம் சொன்னேன். சிரித்தாள்.

"மாட்டிறைச்சி திண்டுபோட்டுப் புத்தகத்துக்குப் பயப்பிடுறியள். அதை வாயைத் திறந்து சொன்னால் என்ன?"

"சிரிப்பினமெல்லே."

"சிரிக்கட்டுமன். வேலை போனால் நானெல்லோ அழவேணும். போய்ச் சொல்லுங்கோ."

மறுநாள் சொன்னேன். ஆசிரியர் மேலங்கியை எடுத்துக்கொண்டு, தன் காரிலேயே என்னைச் செயலாளரிடம் கூட்டிப்போனார். செயலாளர் எங்களுக்கு உட்காரக் கதிரை காட்டவில்லை. தானியத்திலும் புத்தகத்திலும் நாங்கள் கால் வைப்பதில்லை, தவறிப் பட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வோம் என்றேன். விளங்காததுபோல் பார்த்தார். மேசையிலிருந்த சட்டப் புத்தகத்தைத் தொட்டு, விரல்களைக் கண்ணில் வைத்துக் காட்டினேன். குனிந்ததில் என் கழுத்துப்பட்டி மைக்கூட்டுக்குள் விழுந்தது.

அவர் மை ஒற்றும் தாளை என் பக்கம் தள்ளினார். பிறகு சொன்னதை, நண்பனை அங்கே அழைக்கும் 'மேட்' தவிர, என் தமிழில் தருகிறேன்: "அப்ப இவ்வளவு காலமும் எங்களை நாங்களே மிதிச்சுக்கொண்டு திரிஞ்சிருக்கிறம், என்ன மேட்?"

முதலில் சிரித்தவர் ஆசிரியர்.

அடுத்த கூட்டத்தன்று சின்னத்தைச் சுற்றி நான்கு பித்தளைத் தூண்களும் சிவப்புக் கயிறும். உறுப்பினர்கள் முணுமுணுத்தபடி ஒற்றை வரிசையில் வந்தார்கள். பெருத்த உடம்புக்காரர் ஒருவர் சுவருக்கும் கயிற்றுக்கும் இடையே நெரிந்துகொண்டு, "இது உன்ர வேலைதானே?" என்று கண்ணடித்தார். மூன்றாம் மாத முடிவில் வேலை நிலைத்தது.

பிற்காலத்தில் சபைகளை ஒன்றோடொன்று சேர்த்தார்கள். மண்டபம் உடற்பயிற்சிக்கூடமாயிற்று, கற்களின் மேல் றப்பர் விரிப்பை ஒட்டியிருக்கிறார்கள். பத்திரிகை நின்றுவிட்டது. ஒரு தரைச் சின்னத்துக்காக ரோஷப்பட்ட செயலாளர் இப்போது உயிரோடு இல்லை. ஆசிரியரும் இல்லை. ஓய்வு பெறும்வரை மற்றவர்களிடம் 'ஏன்' என்று கேட்டே சம்பளம் வாங்கினேன். என்னை வேலையை விட்டு அனுப்பிவிடாமல், முதலில் அதை என்னிடம் கேட்டவர் அந்த ஆசிரியர்.