உதட்டில் நின்ற சிவப்பு

விளாங்குடியில் தாமரைச்செல்வி வீடு எது என்று கேட்டால், பொம்மைக்கு மூஞ்சி எழுதுற பொம்பளை வீடா என்று திருப்பிக் கேட்பார்கள். எழுமலை உக்கிரபாண்டியின் நடு மகள் அவள். கட்டிக்கொடுத்தது அலங்காநல்லூர் அருள்பாண்டிக்கு. அவன் டவுன் பஸ் ஓட்டுகிறான். அவனுடைய அக்கா முனீஸ்வரி, புருஷன் தவறிப்போன பிறகு தம்பி வீட்டோடு வந்துவிட்டாள். வந்த நாளிலிருந்து அந்த வீட்டில் அழுக்குத் துணி என்று ஒன்று கிடையாது. காயப்போட்ட துணியைக்கூட ஒருமுறை மோந்து பார்த்துத்தான் மடிப்பாள்.

தாமரை முதலில் கல்யாணப் பெண்களுக்கு அலங்காரம் செய்துகொண்டிருந்தவள். முகூர்த்த நாளில் இன்னமும் போகிறாள். ஒரு மணப்பெண்ணின் தங்கை தன் பொம்மையை நீட்டி, "அக்கா, இவளுக்கும் போட்டுவிடுங்க" என்றாள். அது விளையாட்டாக ஆரம்பித்தது. அப்புறம் போனில் வீடியோ பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டாள். இப்போது கூரியரில் வருகின்றன, கண்ணாடிப் பெட்டியில் சேர்த்து வைக்கிற விலைகூடின பொம்மைகள். தலை ரப்பர் போல மெத்தென்று இருக்கும்; வினைல் என்கிறார்கள். கம்பெனி அச்சடித்த கண்ணையும் உதட்டையும் துடைத்தெடுத்துவிட்டு, கேட்டபடி புதுமுகம் எழுதித் தர வேண்டும்.

முடியைப் பிளாஸ்டிக் பைக்குள் திணித்துக் கட்டுவாள். முன்னிருந்தும் பக்கவாட்டிலிருந்தும் போட்டோ எடுத்துக்கொள்வாள். நகப்பூச்சு அழிக்கிற திரவத்தைப் பஞ்சில் தொட்டுத் துடைப்பாள். அந்த வாசனை மண்டையைப் பிடிக்கும், கண் எரியும். கல்யாணத்துக்கு முன்னால் காட்டில் பருத்தி எடுத்த காலத்தில்கூடக் கழுத்து இப்படி வலித்ததில்லை என்பாள். ஆனால் விட்டுவிடுகிறேன் என்று ஒருநாளும் சொன்னதில்லை.

அன்றைக்குத் திண்டுக்கல்லிலிருந்து ஒரு பெட்டி வந்தது. உள்ளே இரண்டு பொம்மைகள், ஒரே கம்பெனி, ஒரே முடி. ஒன்றுக்குச் சிவப்பு கவுன், ஒன்றுக்கு ஊதா. மூஞ்சியைச் சுற்றிக் காகிதம். பெட்டியை அனுப்பிய சரண்யாதேவி போனில் குரலைப் பதிந்தும் அனுப்பியிருந்தாள்.

"அக்கா, செவப்பு கவுன் போட்டதத் தொடாதீங்க. அது எங்கக்கா கையால வரஞ்ச மூஞ்சி. எங்கக்கா இப்ப இல்ல. அவ மகளுக்கு அதே மாதிரி ஒண்ணு குடுக்கணும். ஊதாவ அழிச்சிட்டு, செவப்பப் பாத்து வரஞ்சு தாங்க."

தாமரை துணியின் நிறத்தை மட்டும் பார்த்துக்கொண்டு இரண்டையும் அலமாரியில் வைத்தாள். மறுநாள் விடியுமுன்னே கல்யாண வேலைக்குப் போய்விட்டாள்.

முனீஸ்வரிக்கு அந்தக் கவுன்களில் அடித்த பூச்சி உருண்டை வாசனை பொறுக்கவில்லை. கழற்றினாள், துவைத்தாள், காகிதத்தையும் கசக்கி எறிந்தாள். மத்தியானத்துக்குள் காய்ந்ததும் இரண்டு பொம்மைப் பிள்ளைகளுக்கும் மாட்டிவிட்டாள். எது எதற்கு என்று அவள் யோசிக்கவில்லை. பிள்ளைகளுக்குத் துணி மாட்டும்போது யார் அதை யோசிக்கிறார்கள்?

தாமரை சாயங்காலம் வந்தாள். நின்று நின்று கால் வீங்கியிருந்தது. ஒரு வாய் சோறு தின்றுவிட்டு ஊதா கவுன் பொம்மையை எடுத்தாள். புருவம் ஒன்று மேலே, ஒன்று கீழே. கண்ணில் மை இழுகியிருந்தது. உதட்டில் ஏதோ மலிவான லிப்ஸ்டிக், ஓரம் தாண்டிப் பூசியிருந்தது. இதைத்தான் அழிக்கச் சொல்லியிருக்கிறாள் என்று அவளுக்குச் சந்தேகமே வரவில்லை. போட்டோ எடுத்தாள், துடைத்தாள். எல்லாம் போனது, உதடு மட்டும் போகவில்லை. வருஷக்கணக்கில் இருந்த சாயம் வினைலுக்குள் இறங்கிவிட்டது. பஞ்சு பஞ்சாகத் தேய்த்தும் ரோஸ் நிறத்தில் ஒரு இழுப்பு நின்றது.

"மதினி, மருந்துக்கடப் பக்கம் போனா பருவுக்குப் போடுற களிம்பு ஒண்ணு வாங்கியாங்க."

"யாருக்குடி? ஒனக்கா, இந்த வயசுலயா?"

"பொம்மைக்கு."

"அடி ஆத்தே! பொம்மைக்குமா பரு வருது?"

"கறைக்கு மதினி. தடவி வெயில்ல வச்சா சாயம் வெளுத்துரும்."

முனீஸ்வரி சிரித்துக்கொண்டே போனாள். தாமரை சிவப்பு கவுன் பொம்மையை மாதிரிக்காக எடுத்து விளக்குப் பக்கம் திருப்பினாள். கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தாள். அது அச்சு. புள்ளி புள்ளியாகக் கம்பெனி மிஷின் அடித்த கண். ஒரு மனுஷக் கை அதில் பட்டதே இல்லை.

களிம்போடு திரும்பியவளிடம் மெதுவாகத்தான் கேட்டாள். "மதினி, இந்தக் கவுனத் தொட்டீங்களா?"

"தொவச்சேன். நாத்தம் கொடலப் புடுங்குச்சு. ஏன், சாயம் போயிருச்சா?"

துணி மாறி, தொடக்கூடாத முகம் அழிந்துபோனதைத் தாமரை சொன்னாள். முனீஸ்வரி சிவப்பு கவுனைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டாள். திட்டுவதற்குத் தாமரைக்குத் தெம்பு இல்லை. துணியை மாற்றியது மதினி என்றாலும், அழித்தது தன் கைதானே.

மறுநாள் வேறு எந்த வேலையும் பார்க்கவில்லை. ரோஸ் இழுப்பு மறையாவிட்டாலும் அதன்மேலேயே எழுதலாம் என்று போட்டோக்களைப் பார்த்து வரைந்தாள். கோணல் புருவத்தைக் கோணலாகவே இழுப்பது பெரும்பாடு. கை பழக்கத்தில் நேராகப் போய்விடும். துடைப்பாள், மறுபடி இழுப்பாள். மூன்றாவது டீ ஆறிப்போன நேரத்தில் அந்த முகம் திரும்ப வந்தது.

முனீஸ்வரி போனையும் பொம்மையையும் மாறி மாறிப் பார்த்தாள். "அதே மூஞ்சிதாண்டி. எம்புட்டு கெட்டிக்காரி நீ! இன்னொண்ணயும் இதே மாதிரி எழுதி அனுப்பிரு. சொல்லாட்டி யாருக்குத் தெரியப் போகுது?"

"எனக்குத் தெரியும்ல."

"ஒனக்குத் தெரிஞ்சா என்ன? அந்தப் புள்ள மனசு நோகாம இருக்கும்ல."

"இருக்கும். ஆனா அக்கா நெனப்பு வாரப்பெல்லாம் அத எடுத்து வச்சுக்கிட்டு அழுவா மதினி. நான் எழுதுன மூஞ்சியப் பாத்து அழுவா. எனக்கு அதச் சொமக்கத் தெம்பில்ல. சும்மாவே கழுத்து வலிக்குது."

முனீஸ்வரி பொம்மையைக் கீழே வைத்தாள். "அப்ப நாந்தான் மாத்திப்போட்டேன்னு சொல்லிரு" என்றாள்.

தாமரை அதைச் சொல்லவில்லை. போன் போட்டு, நடந்ததைச் சொல்லி, அழித்தது நான்தான் என்றாள். அந்தப் பக்கம் சரண்யாதேவி கத்தினாள். இத்தனை தடவை சொன்னேனே, செவப்பத் தொடாதீங்கன்னு சொன்னேனே என்றாள். தாமரை எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். கத்தி முடித்து, மூக்கைச் சிந்தி, அந்தப் பெண்ணே பேசினாள்.

"நான் ஏழாப்பு படிக்கறப்ப வரஞ்சா. எனக்கு அந்த பொம்ம மூஞ்சி பிடிக்கலன்னு அழுதேன்னு, அவ லிப்ஸ்டிக்க எடுத்துப் பூசிவிட்டா. கொஞ்சம்கூட இல்லையாக்கா? ஒண்ணுமே இல்லையா?"

தாமரை பொம்மையைப் பார்த்தாள். "கண்ணு புருவமெல்லாம் போயிருச்சும்மா. இப்ப இருக்கறது நான் போட்டோ பாத்து எழுதுனது. உதட்டுல மட்டும், அடியில, உங்கக்கா பூசுன செவப்பு கொஞ்சம் நிக்குது. அது உள்ள எறங்கிருச்சு."

"அது போயிருமா?"

"களிம்பு தடவி வெயில்ல வச்சா போயிரும். களிம்புகூட வாங்கியாச்சு, இன்னும் தடவல."

"வைக்காதீங்க."

"சரிம்மா."

"நீங்க எழுதுனத அழிச்சிருங்க. அந்த உதட்டோட மட்டும் எனக்கு அனுப்புங்க. இன்னொண்ணுல எழுதுங்க, அக்கா மகளுக்கு. அவளுக்கு அம்மா மொகமே நெனப்பில்ல, அவளுக்கு எழுதுனது போதும்."

போனை வைத்துவிட்டுத் தாமரை பொம்மையை மடியில் எடுத்துக்கொண்டாள். நாள் முழுக்க உட்கார்ந்து கொண்டுவந்த முகம். பஞ்சை நனைத்துத் துடைத்தாள். புருவம் போனது, கண் போனது. உதட்டுக்கு வந்ததும் அழுத்தாமல், பிள்ளை வாயைத் துடைக்கிற மாதிரி ஒற்றி எடுத்தாள். மேலே பூசிய வர்ணம் பஞ்சில் வந்தது. அடியில் ரோஸ் இழுப்பு அப்படியே இருந்தது, ஓரம் தாண்டி, கோணலாக.

முனீஸ்வரி சிவப்பு கவுனைக் கொண்டுவந்து தள்ளி நின்றே நீட்டினாள். "இந்தா, நீயே மாட்டு. இனிமே எந்தப் பொம்மத் துணியையும் நான் தொடமாட்டேன்."

"தொவைங்க மதினி. கழட்டுறப்ப பொம்ம கால்ல அந்தந்தத் துணி நெறத்துல ஒரு நூலக் கட்டிருங்க, அது போதும்."

கவுனை மாட்டி, உதடு மட்டும் இருக்கிற அந்தத் தலையைப் பஞ்சில் பொதிந்து பெட்டியில் வைத்தாள். பரு களிம்பு பிரிக்காமலே அலமாரியில் கிடந்தது. பிறகு இன்னொரு பொம்மையின் முடியைப் பைக்குள் திணித்துக் கட்டி, அச்சடித்த கண்ணின்மேல் பஞ்சை வைத்தாள்.