ஓடுகிற பஸ்ஸைப் படம் எடுக்கப் போனேன்

சேலத்தில் ஒரு போட்டோ ஸ்டுடியோவில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். படம் எடுக்க வருகிறவர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு சிலை மாதிரி உட்காருவார்கள். "அசையாதீங்க" என்று சொல்லிச் சொல்லி எனக்கே அலுத்துவிட்டது. ஓடுகிற ஒன்றை அதன் ஓட்டத்தோடு பிடிக்க வேண்டும் என்று ஆசை. யுத்த காலம், பிலிம் குதிரைக்கொம்பு. ஒரு சுருள் கைக்குக் கிடைத்ததும் விடுமுறை நாளில் ஆத்தூர் சாலைக்குப் போனேன்.

வாழப்பாடிக்கு முன்னால் ஒரு சின்னப் பாலம், இருபுறமும் புளியமரங்கள். பெட்ரோல் தட்டுப்பாட்டில் கரியை எரித்து ஓடும் கரிவாயு பஸ் முதுகில் அடுப்பு உருளையைச் சுமந்துகொண்டு புகைவிட்டபடி வந்தது. கேமராவை அதன் கூடவே திருப்பிக்கொண்டு பொத்தானை அமுக்கினேன். நிமிர்ந்தால், கடலைக்காட்டில் வேலை செய்துகொண்டிருந்தவர்கள் என்னைச் சுற்றி நிற்கிறார்கள்.

"பாலத்தை எதுக்குய்யா படம் புடிக்கற?"

"பாலத்தை இல்லைங்க, பஸ்ஸை."

"பஸ்ஸுன்னா நின்ன பிறகு எடுக்கறதுதானே? ஓடறப்ப எடுக்க அப்படி என்ன அவசரம்?"

"ஓடறப்பதாங்க எடுக்கணும்" என்றேன். அதுவே போதுமாக இருந்தது. ஜப்பான்காரனுக்கு உளவு பார்க்கிற ஆள் என்று ஒருவர் சொன்னார், மற்றவர்கள் என் சட்டையைப் பிடித்தார்கள். நேரே போலீஸ் ஸ்டேஷன்.

சப் இன்ஸ்பெக்டர் சத்தமே போடவில்லை. அதுதான் பயமாக இருந்தது. ஒரு கான்ஸ்டபிளையும் என்னையும் கூட்டிக்கொண்டு சேலத்துக்கு பஸ் ஏறினார். ஸ்டுடியோவில் அவர் கண்முன்னால் பிலிமில் எடுத்த பகுதியை மட்டும் இருட்டறையில் வெட்டிக் கழுவி அச்சுப் போட்டுக் கொடுத்தேன். நான் நினைத்ததைவிட நன்றாக வந்திருந்தது. பஸ் தெளிவாக இருந்தது. மரங்களும் பாலமும் ஈரத்துணியால் துடைத்த மாதிரி கோடுகோடாய் ஓடியிருந்தன.

அவர் படத்தை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பாலத்தை ஏன் அழிச்சே?"

"அழிக்கலைங்க. கேமரா பஸ்ஸோடயே திரும்புனதால நிக்கறதெல்லாம் கலைஞ்சு தெரியுது."

"ஓடறது நிக்குது, நிக்கறது ஓடுதா? யார்கிட்ட கதை விடறே?"

நிரூபிக்கச் சொன்னார். மிச்சமிருந்த பிலிமில், ஸ்டுடியோ வாசலில், கான்ஸ்டபிளை சைக்கிள் மிதிக்கச் சொல்லி எடுத்தேன். அந்தப் படத்திலும் ஆள் தெளிவு, கடைவீதி கலைந்த புகை. சப் இன்ஸ்பெக்டர் நம்பினாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கேமராவைத் திருப்பிக் கொடுத்தார். இரண்டு நெகட்டிவையும் படங்களையும் எடுத்துக்கொண்டார். "உன் மேல ஒரு கண்ணு இருக்கும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அதன்பின் எனக்கு எல்லார் மேலும் சந்தேகம். எதிரே பீடிக் கடையில் நிற்பவர் என்னைத்தான் பார்க்கிறாரோ? பாஸ்போர்ட் படம் எடுக்க வந்தவர் ஏன் இருட்டறைப் பக்கம் எட்டிப் பார்க்கிறார்?

ஒரு மத்தியானம் அந்தக் கான்ஸ்டபிள் வேட்டி சட்டையில் வந்தார். திருச்செங்கோட்டுப் பக்கத்துக்காரர்.

"சைக்கிள் படம் ஒண்ணு வேணுங்க. ஊட்டுக்கு எடுத்துட்டுப் போகணும்."

"ஐயா அனுப்பினாரா?"

"இல்லைங்க. நானாத்தான் வாரேன்."

"நெகட்டிவ் உங்க ஸ்டேஷன்ல இருக்கே."

அவர் மடியை அவிழ்த்து, காகிதத்தில் மடித்த நெகட்டிவை நீட்டினார். ஸ்டேஷனிலிருந்து திருடிய பொருள். வாங்கினால் நானும் கூட்டு. இது என்னைச் சிக்கவைக்கப் போட்ட வலையோ? அவர் முகத்தையே பார்த்தேன். அவரும் என்னை அதே மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார், நான் காட்டிக்கொடுத்துவிடுவேனோ என்று.

கதவைத் தாழ்போட்டேன். ஒரே ஒரு படம் போட்டேன். ஈரம் காயக் கொடியில் மாட்டினேன். பிறகு அதைக் கையில் வாங்கி வெகுநேரம் பார்த்தார்.

"இத்தனை வேகமாவா போனேன்?" என்றார்.

நெகட்டிவையும் படத்தையும் காகிதத்தில் மடித்து மறுபடி மடியில் செருகிக்கொண்டு, தெருவை இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு இறங்கிப் போனார்.